கனரக லாரி ஓட்டுநருக்கான சாலைப் பயிற்சி: எந்த வழி, எவ்வளவு காலம்

சுமையையும் சேர்த்து 12,000 கிலோவுக்கு மேல் எடை கொண்ட சரக்கு வாகனத்தையே 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கனரக சரக்கு வாகனம் என்று வரையறுக்கிறது. அதை ஓட்டக் கற்க விரும்புபவர் 20 வயது நிறைந்தவராகவும், இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டேனும் கழிந்தவராகவும் இருக்க வேண்டும். தகுதியைச் சட்டம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது; எங்கே, எவ்வளவு காலம் பழகுவது என்பதைக் கற்பவரே தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பெரும்பாலோர் முதலில் நாடுவது ஊரிலுள்ள ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அங்கே கனரக வாகனப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக்கூடாது. அதில் கற்பவர் தாமே வண்டி ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக்கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் இது 600 கிலோமீட்டர்தான், அதாவது நாமக்கல்லிலிருந்து பெங்களூருக்கு ஒரு நடை போய்வரும் தூரத்தைவிடச் சற்றே கூடுதல். அதுவும் பெரும்பாலும் பகலில், வெற்று வண்டியில் ஓட்டும் தூரமாகவே அமைகிறது. கிளட்ச், கியர், ஸ்டியரிங் ஆகியவை கைக்கும் காலுக்கும் பழக இது உதவும். உரிமம் பெறவும் போதும். ஆனால் இதை மட்டும் நம்பி நெடுந்தூர லோடு ஏற்றுவது தகாது.

2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்கீழ் இயங்கும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களில் கனரகப் பயிற்சி ஆறு வாரங்களில் 38 மணி நேரம், வகுப்பறைப் பாடமும் ஓட்டும் பயிற்சியுமாக நடக்கிறது. செயற்கைச் சாலைக் காட்சியில் பழகும் சிமுலேட்டர் வசதி இங்கு உண்டு என்பதோடு, தேறியவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஓட்டுத் தேர்விலிருந்து விலக்கும் கிடைக்கிறது. எட்டும் தொலைவில் இத்தகைய மையம் இருந்தால் பள்ளியைவிட இதையே தேர்வது நல்லது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக ஓட்டுநர்களை உருவாக்கியது இவ்விரண்டுமல்ல, கிளீனர் வேலை. தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டுவதும், மேட்டில் நின்ற வண்டிக்குச் சக்கரத்தில் கட்டை கொடுப்பதும், பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று தட்டிக் குரல் கொடுப்பதுமாக ஆண்டுக்கணக்கில் லாரியோடு திரிந்தவர், ஸ்டியரிங்கைத் தொடும் முன்பே வண்டியின் குணத்தை அறிந்துவிடுகிறார். இந்த அறிவுக்கு ஈடான பாடத்திட்டம் எதுவும் இல்லை. ஆயினும் இவ்வழியில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பழகுநர் உரிமம்கூட இல்லாத கிளீனரிடம், ஆள் நடமாட்டம் குறைந்த பின்னிரவில் வண்டியைக் கொடுத்துவிட்டு ஓட்டுநர் உறங்குவது சட்டப்படி குற்றம்; விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் கொடுத்த இழப்பீட்டை முதலாளியிடமே திரும்ப வசூலிக்க வழியுண்டு. தவிர, கற்றுக்கொடுப்பவரின் தவறும் அப்படியே கைமாறுகிறது.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் இதைக் கண்கூடாகக் காணலாம். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்கும் பழக்கம் ஓட்டுநரிடமிருந்து கிளீனருக்கு வந்து சேர்கிறது. நியூட்ரலில் எஞ்சினின் பிடிப்பு அற்றுப்போவதால் சுமையின் வேகம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டு அழுத்த அழுத்தக் காற்றழுத்தம் குறைந்து, டிரம் சூடேறி, லைனிங் பிடிக்காமல் போகிறது. தாழ்ந்த கியரைச் சரிவு தொடங்கும் முன்பே போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கின் துணையோடு இறங்குவதே முறை. பாரம் ஏற்றிய வண்டியில், தேர்ந்த ஒருவர் பக்கத்தில் இருக்கப் பலமுறை இறங்கினாலன்றி இது கைவராது.

ஆகவே பள்ளியிலோ மையத்திலோ பயின்று உரிமம் பெற்றபின், மூத்த ஓட்டுநருடன் இரண்டாம் ஓட்டுநராகச் செல்வதே நான்கிலும் சிறந்த வழி. நேஷனல் பர்மிட் லாரிக்கு இரு ஓட்டுநர் கட்டாயம் என்ற விதி 2018இல் நீக்கப்பட்டதால் இந்த வாய்ப்பு சுருங்கிவிட்டது வருந்தத்தக்கது. சம்பளமும் படியும் குறைவாக இருந்தாலும், இருவரை அனுப்பும் முதலாளியிடம் சேர்வதே புதியவருக்கு நீண்டகால லாபம். காலத்தை நாள் கணக்கில் அளப்பதைவிட, ஒரு மழைக்காலம், தொடர்ச்சியான இரவு ஓட்டம், ஏற்றமும் இறக்கமும் உள்ள மலைப்பாதை, நெருக்கடியான சரக்கு மண்டியில் பின்னால் எடுத்தல் ஆகியவை அதில் அடங்கினவா என்று பார்க்க வேண்டும். இவையெல்லாம் ஆறு மாதத்துக்குள் அமைவது அரிது.

வேலைக்குச் சேரும் முன், யாருடன் அனுப்புவீர்கள், எத்தனை மாதம் அனுப்புவீர்கள் என்ற இரண்டையும் முதலாளியிடம் கேட்டுவிட வேண்டும். முதல் வாரத்திலேயே தனியாக லோடு ஏற்றிக் கணவாய் வழியே அனுப்புபவரானால், அந்த வண்டியில் ஏற வேண்டாம்.