மருத்துவ உரையெழுத்து: ஏற்குமுன் கேட்டறிய வேண்டுவன

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறுவோருள் பலர்க்கு, சிறப்பாகக் குடும்பப் பொறுப்பினால் ஊரைவிட்டு நீங்க இயலாத பெண்மக்களுக்கு, வீட்டிலிருந்தவாறே பொருளீட்டும் தொழில் எதுவாயினும் அது விரும்பத்தக்கதாகவே தோன்றும். அத்தகைய தொழில்களுள், ஆங்கிலப் பயிற்சியும் கூர்ந்த செவியும் உடையார்க்கு ஏற்றதென்று பலராலும் சொல்லப்படுவது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்பது. இதனை மருத்துவ உரையெழுத்து என்று ஈண்டு வழங்குவோம். இத்தொழிலைப் புகழ்வதும் இகழ்வதும் நம் கருத்தன்று. இதனால் குடும்பத்தைக் காத்தவரும் உளர். ஆறு மாதம் உழைத்து ஒரு காசும் காணாதவரும் உளர். ஆயினும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்டறிய வேண்டுவன சில உண்டு. அவற்றுள் பெரும்பாலோர் கேளாது விடுவதும், நம் எண்ணத்தில் தலைமையானதுமாகிய வினா ஒன்று. அவ்வினாவின் பொருள் விளங்குதற்குத் தொழிலின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பார்த்து முடித்தபின், தாம் கண்டதையும் செய்ததையும் கொடுத்த மருந்தையும் வாயாற் சொல்லி ஒலிப்பதிவு செய்வார். அப்பதிவைக் கேட்டுப் பிழையற எழுத்தில் வடிப்பவரே உரையெழுத்தாளர். இவ்வாறு வடிக்கப்பட்ட அறிக்கை நோயாளியின் மருத்துவ ஏட்டிற் சேர்ந்து, அடுத்துப் பார்க்கும் மருத்துவர்க்கும் தாதியர்க்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் ஆதாரமாக நிற்கும். சென்ற நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் இவ்வேலை இந்தியாவுக்கு வரலாயிற்று. அங்கே இரவாகும் பொழுது இங்கே பகலாதலின், மாலையில் அனுப்பிய ஒலிப்பதிவு மறுநாட் காலையில் எழுத்தாகி அங்கே கிடைக்கும் என்பதும், கூலி குறைவென்பதும் அதற்குக் காரணங்கள். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு, ஹைதராபாத் முதலிய நகரங்களில் இதற்கெனப் பல நிலையங்கள் தோன்றின. அவற்றிற் பயின்றோர் பலர் பின்னர் வீட்டிலிருந்தே கணினியும் ஹெட்போனும், ஒலியைக் காலால் நிறுத்தியும் ஓட்டியும் கேட்க உதவும் பெடலும் கொண்டு வேலை செய்யத் தொடங்கினர்.

இனி, இவ்வெழுத்தின் கனம் எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி கூறுவோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2008ஆம் ஆண்டில், நீரிழிவு நோயுற்ற பெண்மணி ஒருவர் மருத்துவமனையிலிருந்து வேறொரு பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பப்பட்டார். அவர்க்கு இன்சுலின் 8 அலகு கொடுக்க வேண்டுமென்பது மருத்துவர் கருத்து. இந்தியாவில் எழுத்தாக்கப்பட்ட அறிக்கையிலோ அது 80 அலகு என்றிருந்தது. அவ்வறிக்கையை ஆதாரமாகக் கொண்டு பத்து மடங்கு மருந்து செலுத்தப்பட, அப்பெண்மணி உயிர் நீத்தார். 2012ஆம் ஆண்டில் ஜூரிகள் 14 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தனர். எய்ட் என்பதற்கும் எய்ட்டி என்பதற்கும் செவியில் உள்ள வேற்றுமை எத்துணைச் சிறிது! ஃபிஃப்டீன், ஃபிஃப்டி என்பனவும் அவ்வாறே. ஹைப்பர்டென்ஷன் என்பது இரத்த அழுத்த மிகுதி. ஹைப்போடென்ஷன் என்பது அதன் குறைவு. டிஸ்ஃபேஜியா என்பது விழுங்க இயலாமை. டிஸ்ஃபேசியா என்பது பேச்சுத் தடை. மருத்துவர் உணவு மென்றுகொண்டும், வண்டியோட்டிக்கொண்டும், பலர் கூடிப் பேசும் இடைகழியில் நின்றும் சொல்லும் பதிவுகளில் இவை ஒன்றோடொன்று மயங்குதல் வியப்பன்று.

ஐயம் எழும்போது உரையெழுத்தாளர் செய்யத்தக்கது ஒன்றே. அவ்விடத்தை வெறுமையாக விட்டு, ஒலிப்பதிவின் எந்த நிமிடத்தில் எந்த நொடியில் அச்சொல் வருகின்றதென்று குறித்து, மேற்பார்ப்பவர்க்கோ மருத்துவர்க்கோ அனுப்புதல் வேண்டும். ஊகித்து எழுதுதல் ஆகாது. இதனைப் பயிற்சி வகுப்புகள் யாவும் போதிக்கின்றன. ஆனால் வேலைக்குச் சேர்ந்தபின் நடப்பது வேறு. சில நிறுவனங்கள் வெற்றிடம் ஒவ்வொன்றையும் பிழையாக எண்ணி மதிப்பெண்ணைக் குறைக்கின்றன. மதிப்பெண் குறைந்தால் வரிக்கூலி குறையும், அல்லது அவ்வறிக்கைக்குக் கூலியே இல்லை என்பர். ஊகித்து எழுதிய சொல்லோ, மேற்பார்ப்பவர் ஒலியைக் கேட்டு ஒப்புநோக்கினாலன்றிப் பிடிபடாது. இவ்வாறு அமைந்த ஏற்பாட்டில் நேர்மையாக வெற்றிடம் விடுபவர் தண்டமிறுப்பார். துணிந்து ஊகிப்பவர் ஊதியம் பெறுவார்.

ஆகவே நாம் தலைமையெனக் கூறிய வினா இதுவே: "செவிக்கு விளங்காத சொல்லை நான் வெற்றிடமாக விட்டால் என் கூலி என்னாகும்?" இதற்குத் துணையாக, வெற்றிடத்தை நிரப்புவோர் யார், சரியான சொல் இன்னதென்று நமக்குத் திருப்பியறிவிக்கப்படுமா, நூறு அறிக்கைகளில் எத்தனையை மேற்பார்ப்பவர் ஒலியோடு வைத்துக் கேட்கின்றனர் என்பனவற்றையும் கேட்க வேண்டும். தெளிவாகச் சொல்லப்பட்ட சொல்லுக்கு வெற்றிடம் விட்டால் மதிப்பெண் குறைப்பதும், உண்மையிலேயே விளங்காத சொல்லுக்கு விட்டால் குறையாமையும் நியாயமான முறையாம். இவ்வேறுபாட்டை அறியாத நிறுவனத்தில், எவ்வளவு கூலி தருவதாகச் சொல்லினும், நம் மாணாக்கர் சேர்தலை நாம் விரும்போம்.

இக்காலத்தில் இவ்வினாவுக்கு மற்றொரு காரணத்தாலும் வலிமை ஏற்பட்டுள்ளது. மருத்துவர் பேச்சை இயந்திரமே முதலில் எழுத்தாக்க, மனிதர் அதனைத் திருத்துவது இன்று பெருவழக்காயிற்று. இயந்திரமோ ஐயுற்று வெற்றிடம் விடும் வழக்கமுடையதன்று. விளங்காத இடத்தையும் இலக்கணம் வழுவாத வாக்கியத்தால் நிரப்பிவிடும். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் என்னும் கருவியைப் பற்றி 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், சோதித்த ஒலித்துண்டுகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றில், எவரும் பேசாத சொற்றொடர்கள் புகுந்திருந்தமை காணப்பட்டது. கைப்பிழை கண்ணில் உறுத்தும். இத்தகைய பிழை வழுக்கிச் செல்லும். ஆதலின் திருத்துவோர் ஒவ்வொரு சொல்லையும் ஒலியோடு ஒத்துப்பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்ப்பதற்குரிய நேரத்தைக் கூலி தாங்குமா என்பது கேட்கத்தக்கது. திருத்த வேலைக்கு வரிக்குப் பாதிக் கூலி என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். மருத்துவர் பேச்சு தெளிவாயின் பாதி நேரத்தில் முடியும்; தெளிவற்றதாயின், புதிதாக எழுதுவதே எளிதென்று தோன்றும். எவ்வகைப் பதிவுகள் நமக்கு வரும் என்பதை வேலை ஏற்குமுன் அறிதல் இதனாலேயே வேண்டும்.

நிற்க. கூலிக் கணக்கைச் சற்று விரித்துரைப்போம். ஏனெனில் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். 65 எழுத்துக் கொண்டது ஒரு வரி என்பது இத்தொழிலில் நெடுநாளாக வழங்கும் அளவு. அந்த 65இல் சொற்களுக்கு இடையே உள்ள வெற்றுவெளியும் சேருமா, சேராதா? இவ்வாறு கேட்பது அற்பத்தனமெனத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். மருத்துவர் நிமிடத்துக்கு 130 சொல் பேசுவதாகவும், ஒரு சொல்லுக்கு வெளியோடு சேர்த்து 6 எழுத்தாகவும் கொண்டால், நிமிடத்துக்கு 780 எழுத்து, அஃதாவது 12 வரி. வெளியை நீக்கினால் 650 எழுத்து, 10 வரியே. ஒரு நிமிடப் பேச்சை எழுதத் தேர்ந்தவர்க்கும் மூன்று நான்கு நிமிடம் செல்லும். புதியவர்க்கு எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியாயின் புதியவர் ஒரு மணி நேரத்தில் ஏழரை நிமிடப் பேச்சை முடிப்பார்; ஒரு கணக்கின்படி 90 வரி, மற்றொரு கணக்கின்படி 75 வரி. வரிக்கு ஒரு ரூபாய் என்று உதாரணத்துக்குக் கொண்டு, நாளொன்றுக்கு எட்டு மணியாக மாதம் 25 நாள் உழைத்தால் முன்னது 18,000 ரூபாய், பின்னது 15,000 ரூபாய். அற்பமெனத் தோன்றிய வெளியின் விலை மாதம் 3,000 ரூபாய்! அறிக்கையின் தலைப்பும், முன்னரே அச்சிட்டாற்போல் அமைந்துள்ள பகுதிகளும் கணக்கிற் சேருமா என்பதும் இவ்வாறே கேட்கத்தக்கது. எட்டு மணி நேரமும் வேலை இடைவிடாது வரும் என்பதும் உறுதியன்று. வேலையின்றிக் காத்திருக்கும் நேரத்துக்கு வரிக்கூலியில் யாதும் இல்லை.

அடுத்தது, நமக்குக் கூலி தருபவர் யார் என்பது. அமெரிக்க மருத்துவமனை ஒரு நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்கும். அது மற்றொன்றுக்கு, அஃது இன்னொன்றுக்கு என்று கைமாறிக் கடைசியில் நம் வீட்டை வந்தடையும். ஒவ்வொரு கையும் தனக்குரிய பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 2003ஆம் ஆண்டில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பாகிஸ்தானிலிருந்து ஒரு கடிதம் சென்றது. எழுதியவர், பல கை மாறி வந்த வேலையைச் செய்து கூலி கிடைக்கப்பெறாத ஓர் உரையெழுத்தாளர். தமக்குரிய பணம் வந்து சேராவிடில் நோயாளிகளின் குறிப்புகளை இணையத்தில் வெளியிடுவதாக அவர் அச்சுறுத்தினார். தம் நோயாளிகளின் குறிப்புகள் கடல் கடந்து சென்றிருந்தமை அதன் பின்னரே மருத்துவமனையார்க்குத் தெரிய வந்தது. அவர் செய்தது தகாத செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், நடுவே நின்ற எவரும் அவர்க்கு விடை சொல்லும் நிலையில் இல்லாத அந்த ஏற்பாட்டையும் நாம் நோக்க வேண்டும். நமக்கும் மருத்துவமனைக்கும் இடையே எத்தனை கை உள்ளன? மேலிருப்பவர் பணம் தராவிடினும் நமக்குப் பணம் உண்டா? எந்தத் தேதியில்? நாம் பணியாளரா, அல்லது தனி ஒப்பந்தக்காரரா? பணியாளராயின் வருங்கால வைப்பு நிதி முதலிய பாதுகாப்புகளைக் கேட்க இடமுண்டு. ஒப்பந்தக்காரராயின் பொதுவாக அவை இரா.

குறிப்புகளை மறைவாகக் காத்தலும் இத்தொழிலின் கடமையாம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற ஹிப்பா என்னும் சட்டம் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கின்றது. 2013ஆம் ஆண்டின் விதிகளால் அதன் பொறுப்பு, மருத்துவமனையிடமிருந்து வேலையை வாங்கியோர்க்கேயன்றி, அவர்களிடமிருந்து வாங்கியோர்க்கும் நேரே விரிவாக்கப்பட்டது. இதனை நம் வீட்டு நிலைக்குப் பொருத்திப் பாருங்கள். கூடத்தில் மாமியார் தொலைக்காட்சி பார்க்கின்றார். குழந்தை மடியில் ஏறுகின்றது. தம்பி அதே கணினியில் விளையாட வேண்டுமென்கின்றான். கதவை அடைத்துக்கொள்ளத்தக்க ஓர் அறையும், பிறர் தொடாத கணினியும் இன்றி இவ்வேலையை மேற்கொள்ளுதல் இயலாது. கணினியை நிறுவனமே தருமா, நம்முடையதாயின் எந்தக் கோப்புகளை எப்பொழுது அழிக்க வேண்டும், குறிப்பு கசிந்தால் நம்மீது எவ்வளவு பொறுப்பு விழும் என்பன ஒப்பந்தத்தில் இருத்தல் வேண்டும்.

முன்பணம் கேட்போரைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. பயிற்சி வேறு, வேலை வேறு. மருத்துவச் சொற்களைக் கற்பிக்கும் பள்ளிக்குச் சம்பளம் கட்டுவதில் தவறில்லை. வேலை தருவதற்கே பணம், வைப்புத்தொகை, அசல் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்பவரிடம் செல்லற்க. வேறொரு சூதும் இக்காலத்தில் நடமாடுகின்றது. வீட்டிலிருந்து தட்டச்சு வேலை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி, சில நாட் கழித்து, "உம் வேலையில் பிழை மிகுந்தது, ஒப்பந்தப்படி நஷ்டஈடு கட்டுக, கட்டாவிடில் வழக்கு" என்று வக்கீல் அறிவிப்புப் போன்றதொரு தாளை அனுப்பி வெருட்டிப் பணம் பறிப்பர். இவ்வாறு நேரின் அஞ்சிப் பணம் அனுப்பாது, மத்திய அரசாங்கத்தின் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

இறுதியாகக் காலம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 4 மணி என்பது நமக்குக் கோடையில் பின்னிரவு 1.30, குளிர்காலத்தில் 2.30. சாதாரண அறிக்கைகளுக்கு 24 மணி நேரம் தவணை உண்டு. அவசரமானவற்றைச் சில மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். அவை நமக்கு ஒதுக்கப்படுமாயின் இரவுறக்கம் போயிற்றென்றே கொள்க. மின்சாரம் நின்றால், காய்ச்சல் வந்தால், தவணை தவறியதற்கு என்ன தண்டம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வினாக்களுக்கு விடை வாய்மொழியாக வரின் போதாது. மின்னஞ்சலிலேனும் எழுத்தில் பெறுக. ஒப்பந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்துப் படிக்க இடங்கொடாத நிறுவனத்தை விட்டு விலகுக. கூடுமாயின், அங்கே ஓராண்டேனும் வேலை செய்த ஒருவரைத் தேடிச் சென்று இரண்டு செய்தி கேளுங்கள்: சென்ற மாதக் கூலி எந்தத் தேதியில் வந்தது? விளங்காத சொல்லுக்கு அவர் கடைசியாக வெற்றிடம் விட்டது எப்பொழுது?