வாத்தியார் மாறினால் தொண்டை கட்டுமா?

சனி, ஞாயிறு இசைப்பள்ளியில் சேர்த்ததும் பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறதா? ‘புது வாத்தியார் சரியில்லை’ என்று அவசரப்படாதீர்கள். முதலில் சுருதியை விசாரியுங்கள். பழைய வாத்தியாரிடம் தனியாக 5 கட்டையில் பாடிய பிள்ளை, கும்பலோடு 6 கட்டையில் கத்தினால் குரல்நாண்கள் வீங்கலாம். 12 வயதுக்கு மேல் பையன்களுக்குக் குரல் உடையும். ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். பழைய கட்டையிலேயே பாடச்சொல்லி வற்புறுத்தக் கூடாது. இதையெல்லாம் புது வாத்தியாரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

தொண்டை கட்டினால் இரண்டு நாள் குரலுக்கு ஓய்வு. குடிக்க வெதுவெதுப்பான நீர். வாயில் அடக்கிக்கொள்ளச் சிறு துண்டு அதிமதுரம். 2 வாரம் தாண்டியும் கம்மல் இருந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று: பழைய குருவிடம் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். பிள்ளையை அழைத்துப்போய், நமஸ்காரம் பண்ணி விடைபெறச் செய்யுங்கள். மனசில் குற்ற உணர்வு இல்லாத பிள்ளைதான் வாய்விட்டுப் பாடும்.