செஸ் போட்டும் நின்ற ஓய்வூதியம்

கேள்வி: பெட்ரோலுக்குச் செஸ் வசூலித்தும் கேரளத்தில் முதியோர் ஓய்வூதியம் நிலுவையில் விழுந்ததே, எதிர்க்கட்சியின் கண்டனம் நியாயமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் நியாயமே. 2023 பிப்ரவரியில் திருவனந்தபுரம் சட்டமன்றத்தில் பட்ஜெட் வாசித்த நிதியமைச்சர் கே.என். பாலகோபால், சமூகப் பாதுகாப்பு நிதிக்கென்று பெட்ரோல், டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் விதித்தார். எதிர்பார்த்த வருவாய் ஆண்டுக்கு 750 கோடி. ஓய்வூதியம் பெறுவோரோ 60 லட்சத்துக்கும் மேல். அப்போது தலைக்கு மாதம் 1,600 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓராண்டு செஸ் ஒரு மாதத்துக்கே பற்றாது!

அந்த நவம்பரில் தலைநகரில் மாநில அரசின் ‘கேரளீயம்’ விழா ஒரு வாரம் கோலாகலமாக நடந்தது. அதே மாதம் அடிமாலியில் ஓய்வூதியம் வராத மூதாட்டிகள் இருவர் சட்டி ஏந்திப் பிச்சையெடுத்துப் போராடினார்கள். வி.டி. சதீசன் தலைமையிலான எதிர்க்கட்சி அந்த விழாவை ஊதாரித்தனம் என்று சாடியதில் தவறே இல்லை.

மத்திய அரசு கடன் வரம்பைக் குறைத்தது என்ற மாநில அரசின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கேரளம் அதற்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 நவம்பர் முதல் தொகை 2,000 ஆனதும் உண்மை. ஆனாலும் வரியை இன்றே வசூலித்துவிட்டு ஓய்வூதியத்தை மட்டும் நாளைக்குத் தள்ளுவது அநீதி. கஜானா காலியானால் விழாக்கள்தான் காத்திருக்க வேண்டும், முதியவர்கள் அல்ல.