சூடானால் ஸ்டார்ட் ஆகாத வண்டி



என் அப்பா பைக்கில் கேன் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பால் எடுத்து சொசைட்டியில் ஊற்றுகிறார். காலையில் முதல் உதையிலேயே வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். நாலு தெரு சுற்றி இன்ஜின் சூடான பிறகு நிறுத்தினால் அவ்வளவுதான், எத்தனை உதை உதைத்தாலும் வராது. அரை மணி நேரம் ஆறினால்தான் வரும். அதற்குள் வெயில் ஏறிவிடும். ஒரு நாள் பால் திரிந்துபோய் சொசைட்டியில் வாங்கவில்லை. பால் கொடுத்தவர்களுக்கு அப்பா கைக்காசைத்தான் கொடுத்தார்.

இரண்டு தடவை கடைக்குக் கொண்டு போனோம். கார்ப்பரேட்டரைக் கழுவினார்கள், பிளக்கை மாற்றினார்கள். ஆனால் தள்ளிக்கொண்டு போவதற்குள் வண்டி ஆறிவிடும். "நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். காய்ச்சல் விட்ட பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் தெர்மாமீட்டர் என்ன காட்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்தார். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, அது மக்கர் பண்ணும்போதே சோதித்தார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். "பெட்ரோல் இன்ஜினுக்கு மூணு வேணும் பாப்பா. பெட்ரோல், அமுக்கம், தீப்பொறி. எது இல்லேன்னு பார்ப்போம்" என்றார்.

1. டேங்க் மூடியைத் திறந்தார். மூடியில் உள்ள சின்ன ஓட்டை அடைத்திருந்தால் காற்று உள்ளே போகாது, பெட்ரோல் கீழே இறங்காது. திறந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. எனவே அது காரணம் இல்லை.

2. கிக்கரைக் கையால் அமுக்கினார். இறுக்கமாக இருந்தது. அமுக்கம் சரி.

3. பிளக்கைக் கழற்றினார். நனைந்திருந்தது. அப்படியானால் பெட்ரோல் வருகிறது.

4. பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைத் துடைத்து, கேப்பில் மாட்டி, பிளக் துவாரத்துக்குத் தள்ளி இன்ஜின் மேல் வைத்து உதைத்தார். தீப்பொறியே இல்லை! புதுப் பிளக் போட்டும் இல்லை.

5. டேங்குக்கு அடியில் இருக்கும் இக்னிஷன் காயில் மேல் ஈரத்துணி சுற்றினார். இன்ஜின் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நீலமாகப் பொறி வந்தது. குற்றவாளி காயில்தான்!

ஏன் இப்படி? காயிலுக்குள் மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். நாம் பாடத்தில் படித்த ஏற்று மின்மாற்றி போல அது குறைந்த மின்னழுத்தத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும். கம்பியில் மயிரிழை விரிசல் இருந்தால் சூட்டில் விரிந்து விலகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கம்பி மேல் உள்ள காப்புப் பூச்சு கெட்டிருந்தாலும் சூட்டில் மின்சாரம் கசியும். அதனால்தான் காலையில் நல்ல பிள்ளை மாதிரி இருந்திருக்கிறது.

புதுக் காயில் போட்ட பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. "இது தெரியாம பிளக்கையே மாத்திக்கிட்டு இருந்தோமே பாப்பா" என்று அப்பா சிரித்தார்.

எச்சரிக்கை: பொறி சோதனையைப் பெரியவர்கள் இல்லாமல் செய்யாதீர்கள். பெட்ரோல் பக்கத்தில் பொறி ஆபத்து. பிளக்கை வெறுங்கையால் பிடித்தால் ஷாக் அடிக்கும். சூடான இன்ஜின் கையைச் சுட்டுவிடும்.

தோழர்களே, உங்கள் வீட்டு வண்டியும் இப்படிச் செய்தால் உடனே காசு செலவழிக்காதீர்கள். கோளாறு இருக்கும் நேரத்திலேயே ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். கணக்கில் விடை தப்பானால் ஒவ்வொரு வரியாகத் திரும்பிப் பார்ப்போம் அல்லவா, அதேதான் இதுவும்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி