ரிசல்ட்டுக்கு முன்பே ஒரு ஃபைல்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் இ-சேவை மையத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டையும் அரையாண்டு விடுமுறையிலேயே வாங்கிவிடலாம். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வருமானச் சான்றுக்கு மட்டும் அவசரம் வேண்டாம். அது ஓராண்டுக்குத்தான் செல்லும்.

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் படிப்புச் சான்று கேட்டு வையுங்கள்.

பொறியியல் கட்-ஆஃப் 200க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதாவது, கணிதத்தில் போகும் ஒரு மார்க் இயற்பியலில் போகும் இரண்டுக்குச் சமம். ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் பிள்ளையோடு உட்கார்ந்து இதைப் போட்டுப் பாருங்கள். (பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்குக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.) கல்லூரிகளின் சென்ற ஆண்டு கட்-ஆஃபையும் அருகில் வைத்துக்கொண்டால் பேச்சு தரையில் நிற்கும்.

மாநில அளவில் விளையாடியவர்கள் சான்றிதழ் விஷயத்தை உடற்கல்வி ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பள்ளி ஆண்டு விழாக் கோப்பை விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவாது.