ஒரே பயணம், இரண்டு கணக்கு: மதுரையில் மாற்றுத்திறனாளிகள் பேருந்தில் போகும்போது…

திருமங்கலத்திலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகணும். நம்மில் பலர் பார்ப்பது இரண்டே விஷயம்: எவ்வளவு நேரம், எவ்வளவு காசு. பெரியாரில் இறங்கி, கோரிப்பாளையம் பஸ் பிடித்தால் முடிந்தது.

சக்கர நாற்காலியில் போகிறவருக்குக் கணக்கு வேறு. படி எவ்வளவு உயரம்? எத்தனை பஸ் மாறணும்? தூக்கிவிட ஆள் இருக்கா? வழக்கமான பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மி.மீ., அதாவது இடுப்பு உயரம். டிக்கெட் இலவசம்தான். ஆனா ஏற முடியாதவர் கடைசியில் ஆட்டோவுக்குத்தான் காசு கொடுக்கணும். தடை அவர் உடம்பில் இல்லை, அந்தப் படியில் இருக்கிறது.

தாழ்தளப் பேருந்தின் தளம் சுமார் 400 மி.மீ. உயரம்தான். நிறுத்தத்தில் பஸ் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். சாய்தளப் பலகை வழியாக நாற்காலியோடு ஏறலாம். மூட்டுவலி உள்ள பாட்டி, கர்ப்பிணி, கூடையோடு வரும் பூக்கார அக்கா, எல்லாருக்குமே இது வசதிதான். மதுரையிலும் இவை ஓடுகின்றன. ஆனால் எல்லாத் தடத்திலும் இல்லை.

உங்களுக்கு என்ன சலுகை?

• நகரப் பேருந்து: 2021 முதல் சாதாரண கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் அதே வசதி உண்டு. சொகுசுப் பேருந்து என்றால் ஏறும் முன் நடத்துநரிடம் கேளுங்கள்.

• வெளியூர் அரசுப் பேருந்து: மாற்றுத்திறனாளி கால் பங்குக் கட்டணம் கொடுத்தால் போதும். அடையாள அட்டையோடு அதன் நகலும் கையில் இருக்கட்டும்.

• ரயில்: முழுப் பார்வையற்றோர், துணையின்றிப் பயணிக்க முடியாத கை, கால் குறைபாடு உள்ளோர் போன்ற சில பிரிவினருக்கு ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதம் வரை சலுகை. துணைக்கு வருபவருக்கும் உண்டு. ரயில்வேயின் தனி அட்டை வாங்கிக்கொண்டால் ஆன்லைனிலும் பதிவு செய்யலாம்.

• சொந்த வண்டி: உடல்நிலைக்கு ஏற்ப மாற்றியமைத்த ஸ்கூட்டரை ஓட்ட, 'அடாப்டட் வெஹிக்கிள்' பிரிவில் லைசென்ஸ் எடுக்கலாம்.

முதல் படி எது?

அடையாள அட்டைதான். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் போனிலேயே யு.டி.ஐ.டி. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2016 சட்டப்படி 21 வகைக் குறைபாடுகள் இதில் அடங்கும். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அட்டை இருந்தும் சலுகை மறுத்தால், பஸ் எண், தடம், நேரம் குறித்துக்கொண்டு 1100-க்குப் புகார் சொல்லுங்கள்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது?

நிறுத்தத்தில் பைக்கை நிறுத்தாதீர்கள். பஸ் ஓரமாக வந்து நிற்காவிட்டால் சாய்தளப் பலகை நடைமேடையை எட்டாது. ஒதுக்கிய இருக்கையைக் கேட்கும் முன்பே விட்டுக்கொடுங்கள். உதவும் முன் "எப்படிப் பிடிக்கட்டும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், சட்டென்று கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.