நினைவகம் பெருக்கிய கணிப்பொறியும் அதன் பிணி நாடலும்

காஞ்சிமாநகரில் பட்டு நெய்வோர் ஜாக்கார்டு என்னும் பொறியைத் தறியின் தலைமேல் ஏற்றி வைத்திருத்தலை நம்மவர் பலரும் கண்டிருப்பர். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வர, துளையுள்ள இடத்துக் கொக்கி எழும். அதனோடு பிணைந்த பாவிழை மேலே வரும். துளையில்லாத இடத்தில் கொக்கி எழாது. பிரான்சு தேசத்து ஜாக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டில் அமைத்த முறை இது. உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் அன்னமும் யாளியும் மாங்காயும் பட்டில் எழுகின்றன. கணிப்பொறியின் நினைவகமும் இவ்விரண்டு சொற்களையன்றி வேறொன்றும் அறியாது.

காஞ்சியை அடுத்த ஏனாத்தூரில் ஒரு வீடு இருப்பதாகக் கொள்வோம். பகலில் தந்தை கணிப்பொறியில் புடவை டிசைன் வரைகின்றார். இரவில் அதே பொறியில் மகன் கல்லூரிப் பாடம் எழுதுகின்றான். 240 கொக்கிகளும் 1,000 அட்டைகளும் கொண்ட ஒரு டிசைனில் உள்ள உண்டு-இல்லைகள் 2,40,000 ஆகும். எட்டு கொண்டது ஒரு பைட்டு ஆதலின், 30,000 பைட்டுகளில் அது முழுதும் அடங்கும். தறிக்கு வேண்டுவது அவ்வளவே. ஆயின் வரைவோனுக்கு வேண்டுவது வேறு. 48 அங்குல அகலமுள்ள பழம் புடவையொன்றில் ஒரு கஜ நீளத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியாகப் படம் பிடிப்பின், 15,55,20,000 புள்ளிகள் உண்டாகும். புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம் ஏறத்தாழ 46 கோடியே 65 லட்சம் பைட்டுகள்! திருத்தந்தோறும் இதன் படி ஒன்றை நினைவகம் தாங்க வேண்டுமாயின், 4 ஜிபி உள்ள பழம்பொறி திணறுதல் இயல்பே. ஆகவே கடையில் ராம் ஒன்று வாங்கிச் செருகுகின்றனர். அதன்பின் திரை இருள்கின்றது.

இந்நிலையில் பலர் செய்வது, கையிற் கிடைத்ததையெல்லாம் ஒருங்கே மாற்றுதல். அங்ஙனம் மாற்றின், பொறி பிழைத்தாலும் பிணி இன்னதென்று விளங்காது. ஒரு முறைக்கு ஒன்றே மாற்றுக. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, விசையை ஒருமுறை அழுத்தி, எஞ்சிய மின்சாரம் நீங்கியபின், பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டே உள்ளே கை வைத்தல் வேண்டும். புதிய ராமை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் இட்டுப் பார்க்க. பொறி விழித்துக்கொண்டால் மதர்போர்டு இறந்துபட்டது என்னும் அச்சம் அப்பொழுதே ஒழிந்தது.

இனிப் புதியதை நோக்குவோம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்னும் வகைகளில் விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறி நிற்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமையாது. வலிந்து அழுத்துவோர் இரண்டையும் கெடுப்பர். வகை பொருந்தியும் திரை ஒளிராவிடின், முனைகளில் உள்ள தாழ்கள் முழுதும் பூட்டினவா என்று காண்க. பாதி அமர்ந்த ராமே மிகுதியான வழக்குகளில் குற்றவாளி. டிடிஆர்5 உள்ள பொறி முதன்முறை விழிக்கச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளுதலும் உண்டு. அதற்குள் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தலாகாது.

புதியதைத் தனியே ஓர் இடத்திலும், பின் மற்றோர் இடத்திலும் இட்டுப் பார்க்க. எவ்விடத்தும் அது தவறின் பிணி ராமினுடையது. எந்த ராமும் ஓரிடத்தில் மட்டும் தவறின் பிணி அவ்விடத்தினுடையது. தனித்தனியே நன்கு இயங்கி, சேர்ந்திருக்கும்போது மட்டும் பிணங்குமாயின், அவை தம்முள் ஒவ்வாதவை. பயாஸ் அமைப்பில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். ஒரே தொகுப்பாக விற்கும் இணையை வாங்குதல் அதனினும் நன்று.

பொறி இயங்கியும் 8 ஜிபி இட்ட இடத்தில் நான்கிற்கும் குறைவாகவே காட்டுமாயின், பெரும்பாலும் விண்டோஸ் 32 பிட் வகையினதாக இருக்கும். அது எண்ணக்கூடிய முகவரிகள் 4,29,49,67,296 மட்டுமே. அவற்றுள்ளும் ஒரு பங்கு பிற உறுப்புகளுக்குப் போய்விடும். இது பிணியன்று, கணக்கு.

அஞ்சத்தக்கது வேறொன்று: பொறி நன்றாகவே இயங்கும்; இடையிடையே காரணமின்றி உறையும், அல்லது சேமித்த கோப்பு திறவாது. இதன் காரணம் அறிய நினைவகத்தின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். ராபர்ட் டென்னார்டு என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர் 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, ஒவ்வோர் உண்டு-இல்லையும் மிகச் சிறு கலமொன்றில் மின்னூட்டமாகத் தங்கும். அக்கலங்கள் ஓட்டைக்குடம் போன்றவை. ஆதலின் பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை அனைத்தையும் படித்து மீண்டும் நிரப்புகின்றனர். நலிந்த கலமொன்று அதற்குமுன் வடிந்துவிடின், உண்டு என்றது இல்லை என்றாகும்.

அட்டையில் துளை தவறின் கண்ணுக்குத் தெரியும். துண்டுக் காகிதம் ஒட்டி அடைத்துவிடலாம். நினைவகத்தில் தவறியதைக் காண்பாரில்லை. அப்பிழையோடு டிசைன் சேமிக்கப்பட்டுத் தறிக்குப் போகுமாயின், கொக்கி தன் ஆணையைத் தவறாது நிறைவேற்றும். டிசைன் திரும்பும் இடந்தோறும் அதே இழை பிழைபட எழும். கஜக்கணக்கில் நெய்தபின் கண்ணுற்றால் பிரிப்பதோ, குறையோடு விற்பதோ? நாட்கணக்கான உழைப்பும் சரிகையின் விலையும் அதில் அடங்கியுள்ளன.

ஆகவே புதிய ராம் செருகுவதற்கு முன்னரே டிசைன்களையும் பாடங்களையும் வேறோரிடத்தில் படியெடுத்து வைக்க. செருகிய பின் சோதனை முடியும்வரை எக்கோப்பையும் திறந்து சேமியாதிருக்க. விண்டோஸிலேயே நினைவகச் சோதனை ஒன்று உண்டு; மெம்டெஸ்ட்86+ என்னும் இலவச நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுதும் ஓடவிடுதல் இன்னும் உறுதி. அது கலந்தோறும் எழுதிப் படித்து ஒப்பிடும். ஒரு பிழை காட்டினும் அந்த ராமை நம்பற்க. தற்செயலாக ஒரு கலம் மாறுதலும் உண்டென்பது மெய்யே. சில்லின் மேலுறையிலிருந்த கதிரியக்கத் துகளே அதற்குக் காரணமாதலை 1978-இல் இன்டெல் நிறுவனத்தார் கண்டனர். ஆயின் அதே முகவரியில் மீண்டும் பிழை வரின் அது தற்செயலன்று.

பொறி உறைந்தவுடன் விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவுவோர் நம்மிடையே மிகுதி. நலிந்த நினைவகத்தின் வழியே நிறுவியது நலிந்ததாகவே அமையும். சோதனையே முற்பட வேண்டும். நிறுவியவர் கேட்கும் கூலியோ இருமுறை கொடுக்க நேரும்.

பல ராம்களுக்கு நெடுங்கால உத்தரவாதம் உண்டு; ரசீதையும் உறையையும் வைத்திருப்போர் மாற்றிக்கொள்ளலாம். பழைய ராமைச் சோதனை முடியும்வரை யாருக்கும் கொடுத்துவிட வேண்டா.